200 மீட்டர் ஆழத்தைத் தாங்கும் கடிகாரம் கடற்கரை மணலில் திணறுவது ஏன்? டைவ் வாட்ச் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்ற உறுதியோடு விற்கப்படும் கைக்கடிகாரம், இடுப்பளவு அலையில் அரை மணி நேரம் விளையாடிவிட்டுக் கரையேறியவரின் கையில் முரண்டு பிடிப்பது உண்டு. முள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்குள் ஒரு துளி நீரும் தெரியாது. ஆனால் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் நகராது. நகர்ந்தாலும் நறநறவென்று ஒலி எழும். இதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, மணல்.

கோவா, பூரி, கோவளம், அந்தமான் என்று விடுமுறைக்குச் செல்வோர் பலரின் கைகளில் இப்போது டைவ் வாட்ச் எனப்படும் முக்குளிப்புக் கைக்கடிகாரத்தைக் காண முடிகிறது. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் ரூபாய் வரை இவை விற்கப்படுகின்றன. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியதாகவோ, திருமணப் பரிசாக வந்ததாகவோ இருக்கும் அந்தக் கடிகாரத்தை, 'இது கடலுக்காகவே செய்யப்பட்டதுதானே' என்ற நம்பிக்கையில் பலரும் அப்படியே அலைக்குள் கொண்டு செல்கின்றனர். அந்த நம்பிக்கை பெருமளவு சரியானதே. எனினும், கடல் வேறு, கடற்கரை வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, டைவ் வாட்ச் எதற்காக உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வளையம் எதற்கு?

1953ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பிளாங்பெயின் நிறுவனம் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' என்ற கடிகாரத்தை வெளியிட்டது. 50 ஃபேதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர் ஆழம். அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ழான் ழாக் ஃபீஷ்டர் தாமே ஒரு முக்குளிப்பாளர். பிரெஞ்சுக் கடற்படையின் போர் முக்குளிப்புப் பிரிவை உருவாக்கிய ராபர்ட் மாலுபியே, குளோட் ரிஃபோ ஆகியோரின் தேவைகளும் அந்தக் கடிகாரத்தின் வடிவமைப்பில் இடம்பெற்றன. ஏறக்குறைய அதே காலத்தில் ரோலெக்ஸ் நிறுவனத்தின் 'சப்மரைனர்' வந்தது. 1965இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம், 150 மீட்டர் ஆழம் தாங்கும் தன் முதல் முக்குளிப்புக் கடிகாரத்தை வெளியிட்டது.

இவற்றின் பொது அடையாளம், கண்ணாடியைச் சுற்றி 60 நிமிடங்கள் குறிக்கப்பட்ட பெசல் என்னும் சுழல் வளையம். நீருக்குள் இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடங்கள் கடந்தன என்பதைக் கணக்குப் போடாமலேயே படித்துவிடலாம். சிலிண்டரில் உள்ள காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதே உயிர்ப் பிரச்சினையாக இருக்கும் இடத்தில் இது சிறிய வசதி அல்ல.

தொடக்க காலக் கடிகாரங்கள் சிலவற்றில் வளையம் இருபுறமும் சுழன்றது. பாறையிலோ கயிற்றிலோ பட்டு அது தவறான திசையில் நகர்ந்தால், கடந்த நேரம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். முக்குளிப்பாளர் கூடுதல் நேரம் நீருக்குள் இருந்துவிடுவார். இதனால்தான் பிற்காலத்தில் வளையம் இடஞ்சுழியாக மட்டுமே திரும்பும் வகையில் அமைக்கப்பட்டது. தற்செயலாக நகர்ந்தாலும், கடந்த நேரம் அதிகமாகவே காட்டும். அவர் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார். பிழை நேர்ந்தாலும் அது பாதுகாப்பான பக்கத்தில் நேர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

வளையத்தைத் திருப்பும்போது கேட்கும் 'டிக் டிக்' ஒலி, அதன் அடியில் உள்ள பற்களும் மெல்லிய ஸ்பிரிங்கும் உரசுவதால் எழுவது. வளையம் சுழல வேண்டுமானால் அதற்கும் கடிகாரத்தின் உடலுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும். மணலுக்கு வாசல் திறந்திருப்பது அங்கேதான்.

சோதனையில் இருப்பதும் இல்லாததும்

முக்குளிப்புக் கடிகாரங்களுக்கென ஐ.எஸ்.ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. இதன்படி ஒரு கடிகாரம் குறைந்தது 100 மீட்டர் ஆழத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் அது சோதிக்கப்படுகிறது. 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலும் 5 டிகிரி குளிர்நீரிலும் மாறி மாறி மூழ்கடிக்கப்படுகிறது. லிட்டருக்கு 30 கிராம் உப்பு கலந்த நீரில் 24 மணி நேரம் வைக்கப்பட்ட பிறகும், சுழல் வளையம் உள்ளிட்ட நகரும் பாகங்கள் ஒழுங்காக இயங்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பதும் விதி.

இவை கடுமையான சோதனைகள்தாம். ஆனால் அனைத்தும் தெளிந்த நீரில் நடப்பவை. முக்குளிப்பாளர் பெரும்பாலும் படகிலிருந்து ஆழமான நீரில் குதிக்கிறார். படகிலேயே திரும்ப ஏறுகிறார். அவருடைய கடிகாரம் மணலைத் தொடாமலேயே நாளை முடித்துவிடலாம். கரையோரத்தில் விளையாடுபவரின் நிலை அப்படி இல்லை. அலை உடையும் இடத்தில்தான் நீர் அதிகமாகப் புரள்கிறது. அடியில் கிடக்கும் மணல் அங்கே நீரோடு கலந்து சுழல்கிறது. அலையில் விழுந்து எழுபவர், கையை மணலில் ஊன்றி எழுகிறார். குழந்தையோடு மணல் வீடு கட்டுபவர், மணிக்கட்டு வரை ஈர மணலுக்குள் கையை விடுகிறார். ஆழத்தைக் கணக்கிட்டால் இரண்டடிகூட இருக்காது. மணலின் கணக்கில் பார்த்தால், ஒரு கடிகாரத்துக்கு இதைவிடக் கடினமான இடம் குறைவு.

எல்லா மணலும் ஒன்றல்ல

கடற்கரை மணல் என்று பொதுவாகச் சொன்னாலும், அது எதனால் ஆனது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியப் பெருநிலத்தின் பெரும்பாலான கடற்கரைகளில் இருப்பது குவார்ட்ஸ் மிகுந்த மணல். தாதுக்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. கடிகாரங்களில் பயன்படும் சாதாரண மினரல் கண்ணாடி 5 முதல் 6 வரையிலும், துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ அதே நிலையிலும் இருக்கின்றன. அளவுகோலில் மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும் என்பது எளிய விதி. ஆகவே மணல் படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம்.

விலை கூடிய கடிகாரங்களில் உள்ள சஃபையர் கண்ணாடி, செயற்கையாக உருவாக்கப்பட்ட குருந்தக் கல். அதன் கடினத்தன்மை 9 என்பதால் குவார்ட்ஸ் மணலால் அதைக் கீற முடியாது. செராமிக் பூண்ட வளையங்களும் அப்படியே. ஆனால் இவை கீறலைத் தாங்கும் அளவுக்கு அடியைத் தாங்குவதில்லை. பாறையில் மோதினால் விரிசல் விடலாம், சில்லு பெயரலாம். பழைய வகை அலுமினிய வளையத் தகடுகள், அக்ரிலிக் கண்ணாடிகள் ஆகியவை மணலுக்கு மிக எளிய இரை.

கேரளத்தின் கொல்லம் அருகே சவரா, தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய கடற்கரைகளில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் போன்ற கனிமங்கள் மணலில் செறிந்துள்ளன. பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல் அங்கே கனிமம் பிரித்தெடுக்கிறது. இவற்றில் சிர்க்கானின் கடினத்தன்மை 7.5. அதாவது, குவார்ட்ஸைவிடவும் ஒரு படி மேல்.

இதற்கு நேர்மாறானது லட்சத்தீவு. பவளத் திட்டுகளாலான அந்தத் தீவுகளின் வெண்மணல், பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான சுண்ணாம்புத் துகள். அந்தமானின் பல கடற்கரைகளிலும் இந்தப் பவளத் துகள் கலந்திருக்கும். இவற்றின் கடினத்தன்மை 3 முதல் 4 வரைதான். மினரல் கண்ணாடியைக்கூட இது கீறுவது கடினம். ஆனால் மென்மையானது என்பதால் கடிகாரத்துக்குத் தொல்லையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கீறாத மணலும் இடுக்கில் புகுந்து அடைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நில இயலாளர்கள் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான துகள்களை மணல் என்று வகைப்படுத்துகின்றனர். பெரிய துகள் வளையத்தின் இடுக்கில் நுழையாது. நுண்ணிய துகள் நீரோடு சேர்ந்து எளிதாக நுழைந்துவிடும். நுழைந்தது ஈரமாக இருக்கும் வரை பெரிதாகத் தெரியாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியானதும் அந்த உப்பு படிகமாகி, மணல் துகள்களைக் காரை பூசியதுபோல் ஒட்டவைத்துவிடுகிறது. மாலையில் சுழன்ற வளையம் மறுநாள் காலை அசைய மறுப்பது இதனால்தான். தோலில் பூசிய சன்ஸ்கிரீன் களிம்பும் இதற்குத் துணை போகிறது. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் மணல் கூடுதலாக ஒட்டும்.

இங்கே ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. வளையம் கடிகாரத்தின் உடலுக்கு வெளியே இருக்கும் பாகம். அதன் அடியில் எவ்வளவு மணல் சேர்ந்தாலும், அது இயந்திரத்துக்குள் போவதில்லை. கண்ணாடி, பின் மூடி, பக்கவாட்டுத் திருகு ஆகிய மூன்று இடங்களிலும் கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையங்கள் உள்ளே செல்லும் வழியை அடைத்து நிற்கின்றன. வளையம் சிக்கிக்கொண்டால் அது எரிச்சல் தரும் விஷயமே தவிர, கடிகாரத்தின் முடிவு அல்ல.

உண்மையான அபாயம் பக்கவாட்டுத் திருகில் இருக்கிறது. நேரத்தைத் திருத்தவும் சாவி கொடுக்கவும் பயன்படும் இந்தத் திருகு, பெரும்பாலான டைவ் வாட்ச்களில் மரைபோல் திருகி மூடப்படும். கடற்கரையில் இருக்கும்போது தேதியை மாற்றுகிறேன் என்று இதைத் திறப்பவர் தவறு செய்கிறார். விரலில் ஒட்டிய மணல் மரைக்குள் விழும். மீண்டும் திருகும்போது மரை தேயும். அதைவிட மோசமாக, ஒரு துகள் ரப்பர் வளையத்தின் மீது உட்கார்ந்துவிட்டால், அதன் ஓரமாக நீர் கசிய ஒரு பாதை கிடைத்துவிடும். அடுத்த முறை நீரில் இறங்கும்போது, 200 மீட்டர் என்று பின் மூடியில் பொறிக்கப்பட்டிருப்பதற்குப் பொருள் இருக்காது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே திருகு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, திரும்பி வந்து கழுவும் வரை அதைத் தொடாமல் இருப்பதே சரி.

பட்டையும் கவனிக்க வேண்டியது

கடிகாரம் தொலைவதற்கும் மணல் காரணமாகலாம். பட்டையை உடலோடு இணைக்கும் ஸ்பிரிங் பார் எனும் சிறு கம்பி, அலுவலகத்தில் அணியும் கடிகாரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உப்பும் மணலும் சேர்ந்தால் அது அரிக்கப்பட்டு, ஒரு நாள் அலையின் இழுப்பில் தெறித்துவிடும். துணிபோல் நெய்த நைலான் பட்டை, இரண்டு கம்பிகளுக்கும் அடியில் ஒரே நீளமாகச் செல்லும்படி கோக்கப்படும் வகையில் கிடைக்கிறது. ஒரு கம்பி போனாலும் மற்றொன்றில் கடிகாரம் தொங்கி நிற்கும் என்பதால், கடற்கரைக்கு இதுவே பொருத்தம். ஆனால் நெசவுக்குள் மணல் தங்கும் என்பதால் தனியே கழற்றி அலச வேண்டும். ரப்பர் பட்டை கழுவுவதற்கு மிக எளிது.

எஃகுச் செயின் அழகாக இருந்தாலும், அதன் கண்ணிகளுக்கு இடையே புகும் மணல் ஒவ்வொரு அசைவிலும் உலோகத்தை அராவிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் செயின் தளர்ந்து தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தோல் பட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே குளியலில் விறைத்து நாறும்.

எஃகிலும் வகை உண்டு. தரமான டைவ் வாட்ச்களில் பயன்படும் 316எல் வகை எஃகில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்திருக்கும். கடல் உப்பில் உள்ள குளோரைடு உண்டாக்கும் குழி அரிப்பை இது தடுத்துத் தாக்குப்பிடிக்கிறது. மலிவான எஃகில் அந்தப் பாதுகாப்பு குறைவு. எந்த எஃகானாலும், உப்பு நீர் இடுக்குகளில் நாள்கணக்கில் தேங்கினால் அரிப்பு தொடங்கிவிடும்.

கழற்றி வைப்பது தீர்வா?

மணல் தொல்லைக்கு அஞ்சிக் கடிகாரத்தைக் கழற்றித் துண்டின் மீது வைத்துவிட்டுக் குளிக்கச் செல்வோர் பலர். திருட்டு ஒருபுறம் இருக்க, நண்பகல் வெயிலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் கிடந்த கடிகாரத்தை உடனே குளிர்ந்த நீரில் நனைப்பது நல்லதல்ல. தரநிலைச் சோதனையில் புதிய ரப்பர் வளையங்கள் இத்தகைய வெப்ப மாற்றத்தைத் தாங்குகின்றன. ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து இறுகிப்போன வளையங்கள் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கழற்றுவதானால், வாய் மூடிய சிறு பையில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். மணல் அளைந்த காற்சட்டைப் பைக்குள் போடுவதைவிடக் கையில் கட்டியிருப்பதே மேல்.

கழுவும் முறை

கரையேறியதும் செய்ய வேண்டியதில் முதன்மையானது, எதையும் துடைக்காமல் இருப்பது. முதலில் மணல் நீரோடு போக வேண்டும், துணி பிறகுதான். நல்ல நீர் ஓடும் குழாயின் அடியில் கடிகாரத்தைக் காட்டி, மேலே உள்ள மணலை ஓடவிட வேண்டும். அதன்பின் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, பத்து, பதினைந்து நிமிடங்கள் ஊறவைத்தால் இறுகிய உப்பு கரையும். உப்பு கரைந்ததும் மணல் பிடிமானம் இழக்கும். இப்போது கடிகாரத்தை நீருக்குள்ளேயே முகம் கீழாகப் பிடித்துக்கொண்டு வளையத்தை மெதுவாகச் சுற்றினால், துகள்கள் தம் எடையாலேயே கீழே இறங்கும். ஓரிரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும், மென்மையான பழைய பல் துலக்கியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பவளத் துகள் நீரில் கரையாது. அதைத் துலக்கியால்தான் அகற்ற வேண்டும். கொதிநீர், வினிகர், ஊசி ஆகியவற்றுக்கு இந்த வேலையில் இடமில்லை.

கடலோர விடுதிகளில் தங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரே பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் பாதி வேலைதான் நடக்கும். கடைசி அலசலுக்கு ஒரு குவளை குடிநீரைப் பயன்படுத்துவது பயன் தரும்.

ஊறவைத்த பிறகும் வளையம் நகரவில்லை என்றால், வலுவாகத் திருகக் கூடாது. அடியில் உள்ள ஸ்பிரிங் வளைந்துவிட்டால், மணலை எடுத்த பிறகும் வளையம் சரியாக நிற்காது. கத்தி முனையால் வளையத்தை நெம்பிக் கழற்றும் காணொலிகள் இணையத்தில் ஏராளம். சில கடிகாரங்களில் அது முடியும். சிலவற்றில் வளையம் வளைந்து, உடலிலும் நிரந்தர வடு விழும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் வளையத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது சிறிய வேலை. ஸ்மார்ட் வாட்ச் அணிவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: அதன் ஒலிபெருக்கித் துளைகளில் மணல் அடைத்தால் நல்ல நீரில் அலசலாமே தவிர, ஊசியால் குத்தக் கூடாது.

பேட்டரி மாற்றிய கடிகாரமா?

இந்தியாவில் நீர் புகாக் கடிகாரங்கள் பலவும் நீர் புகும் கடிகாரங்களாக மாறுவது கடலில் அல்ல. பேட்டரி மாற்றும் கடையில். பின் மூடியைத் திறந்து, பேட்டரியை மாற்றி, அப்படியே அழுத்தி மூடித் தருவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் பழைய ரப்பர் வளையம் நசுங்கியிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம், ஒரு தூசி அதில் ஒட்டியிருக்கலாம். வளையத்தைப் புதிதாக மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரும் வசதி எல்லாக் கடைகளிலும் இல்லை. அந்தச் சோதனை நடக்காதவரை, அதைச் சாதாரணக் கடிகாரமாகக் கருதிக் கடலுக்கு வெளியே வைத்திருப்பதே பாதுகாப்பு.

பின் மூடியில் உள்ள எண்களும் குழப்பம் தருபவை. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருள் அல்ல. அசைவற்ற நிலையில் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். நடைமுறையில் கை கழுவும்போதும் மழையிலும் தாங்கும். கடல் குளியலுக்கு 100 மீட்டரும் அதற்கு மேலும் குறிக்கப்பட்டவை ஏற்றவை. 'டைவர்ஸ்' என்ற சொல்லும் ஆழமும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருந்தால், அது முக்குளிப்புத் தரநிலையைப் பின்பற்றியதற்கான அடையாளம். தாத்தா விட்டுச்சென்ற எச்.எம்.டி போன்ற பழைய சாவிக் கடிகாரங்கள் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டு செல்லாமல் இருப்பது நல்லது.

கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்ததுபோல் மங்கினால், நீராவி உள்ளே இருக்கிறது என்று பொருள். வெயிலில் காயவைப்பதோ அரிசிப் பானைக்குள் புதைப்பதோ இதற்குப் பயன்படாது. உள்ளே போனது உப்பு நீராக இருந்தால், ஈரம் போன பிறகும் உப்பு அங்கேயே தங்கிப் பற்சக்கரங்களை அரிக்கும். முள் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று ஊர் திரும்பும் வரை காத்திராமல், அன்றோ மறுநாளோ அருகிலுள்ள நகரத்தில் பழுதுபார்ப்பவரிடம் திறந்து காட்டினால், பெரும்பாலும் சுத்தம் செய்யும் செலவோடு போகும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், உள்ளிருக்கும் இயந்திரத்தையே மாற்ற வேண்டிவரலாம்.